கம்பெனி நிறுத்தியும் கேம் நிற்கவில்லை: பழைய ஆர்கேட் போர்டுகளுக்கு இன்றும் புது கேம் செய்வது ஏன்?

ஜப்பானின் எஸ்என்கே நிறுவனம் 'நியோ ஜியோ' ஆர்கேட் போர்டை 1990-ல் சந்தைக்குக் கொண்டுவந்தது. அந்த போர்டுக்கான கடைசி அதிகாரபூர்வ கேம் 2004-ல் வெளியானது. கதை அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் இரண்டே ஆண்டுகளில், 2006-ல், ஜெர்மனியைச் சேர்ந்த 'என்ஜி டெவ் டீம்' என்ற சின்னக் குழு அதே போர்டுக்கு 'லாஸ்ட் ஹோப்' என்ற புத்தம் புது கேமை வெளியிட்டது. 2012-ல் அதே குழுவிடமிருந்து 'கன்லார்ட்' வந்தது. பிறகு பிரிட்டனின் 'பிட்மேப் பீரோ' தன்னுடைய 'ஜீனோ கிரைசிஸ்' கேமை நியோ ஜியோவுக்கும் கொண்டுவந்தது.

கையில் இருக்கும் போனிலேயே கன்சோல் தரத்தில் கேம் ஓடுகிற காலம் இது. யூனிட்டி, அன்ரியல், கோடாட் என்று கேம் செய்யும் மென்பொருள்களைக் காசு கொடுக்காமலே டவுன்லோடு செய்து தொடங்கலாம். அப்படியிருக்க, முப்பது வருடத்துக்கும் மேல் பழைய ஒரு போர்டுக்காக மாதக்கணக்கில் உட்கார்ந்து கோடு எழுதுவானேன்?

பழைய நினைவுகள் மேல் உள்ள பாசம் ஒரு காரணம்தான். ஆனால் அது மட்டுமே என்றால் பழைய கேமையே திரும்ப ஆடிவிட்டுப் போகலாமே. புதிதாக ஒன்றைச் செய்யத் தூண்டுவது வேறு ஒரு விஷயம்.

ஆர்கேட் போர்டு என்றால் என்ன?

90-களில் தமிழ்நாட்டு வீடியோ கேம் கடைகளுக்குப் போனவர்களுக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை. கடைக்காரரிடம் காசு கொடுத்து காயின் வாங்கி, 'முஸ்தபா' ஆடிய தலைமுறை அது. அந்த கேமின் உண்மையான பெயர் 'கெடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்'. கேப்காம் நிறுவனம் 1993-ல் வெளியிட்டது. அதில் வரும் நான்கு ஹீரோக்களில் ஒருவர் பெயர் முஸ்தபா. நம்ம ஊரில் கேமுக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

அந்தப் பெரிய பெட்டிக்குள் இருந்தவை ஒரு டிவி திரை, ஜாய்ஸ்டிக், பட்டன்கள், பவர் சப்ளை, ஒரு சர்க்யூட் போர்டு. கேம் இருப்பது அந்த போர்டில்தான். 1985-ல் ஜப்பானில் 'ஜாமா' என்ற 56 பின் கொண்ட பொது இணைப்பு முறை வந்தது. அதன்பின் ஒரு போர்டைக் கழற்றி இன்னொன்றை மாட்டினால் அதே பெட்டியில் வேறு கேம் ஓடும் என்ற நிலை வந்தது. நியோ ஜியோ இன்னும் ஒரு படி மேலே போனது. போர்டு அப்படியே இருக்கும், கார்ட்ரிட்ஜை மாற்றினால் போதும். சில மாடல்களில் ஒரே நேரத்தில் 6 கார்ட்ரிட்ஜ் வரை மாட்டலாம்.

எஸ்என்கே வெளியேறிய பிறகும் வெளியாட்கள் கேம் செய்ய முடிந்ததற்கு இதுவும் ஒரு காரணம். புதிய கேம் என்றால் புதிய கார்ட்ரிட்ஜ். அவ்வளவுதான்.

அந்த மெஷினின் கணக்கு என்ன?

நியோ ஜியோவின் திறனை நாலே வரியில் சொல்லிவிடலாம்:

• மெயின் பிராசஸர்: மோட்டோரோலா 68000, 12 மெகாஹெர்ட்ஸ்
• கேம் ஓடும்போது பயன்படுத்தும் மெயின் மெமரி: 64 கிலோபைட்
• திரை: அகலம் 320, உயரம் 224 பிக்சல்
• ஸ்ப்ரைட்: மொத்தம் 380, ஒரே கிடைவரியில் அதிகபட்சம் 96

64 கிலோபைட் எவ்வளவு என்றால், வாட்ஸ்அப்பில் வரும் ஒரு போட்டோவே பெரும்பாலும் அதைவிடப் பெரிது. 12 மெகாஹெர்ட்ஸ் என்றால் விநாடிக்கு 1.2 கோடி துடிப்புகள். இன்றைய போன் சிப்பில் ஒரு வேகமான கோர் விநாடிக்கு 200 கோடியைத் தாண்டும்.

திரையில் படம் விநாடிக்குச் சுமார் 60 முறை மாறுகிறது. அப்படியானால் ஒரு ஃப்ரேமுக்குக் கிடைப்பது சுமார் 2 லட்சம் துடிப்புகள். 68000-ன் மிக எளிய கட்டளைக்கே 4 துடிப்புகள் தேவை. ஆக, ஒரு ஃப்ரேமில் அதிகபட்சம் 50,000 கட்டளைகள். எதிரிகள் நகர்வது, தோட்டா யார் மேல் பட்டது என்று பார்ப்பது, ஸ்கோர் ஏற்றுவது எல்லாமே இதற்குள் முடிந்தாக வேண்டும்.

இதைவிடச் சுவாரசியமான சிக்கல் ஸ்ப்ரைட்டில் இருக்கிறது. ஸ்ப்ரைட் என்பது திரையில் தனியாக நகர்த்தக்கூடிய ஒரு படத்துண்டு. அந்தக் காலத்து மெஷின்கள் பலவற்றில் பின்னணிக் காட்சிக்கென்று தனி அடுக்கு இருக்கும். நியோ ஜியோவில் அது கிடையாது. ஸ்கோர் மாதிரி எழுத்துகளைக் காட்ட மட்டும் அசையாத ஒரு அடுக்கு உண்டு. மற்றபடி மலை, கட்டடம், மேகம், ஹீரோ, தோட்டா எல்லாமே 16 பிக்சல் அகலமுள்ள ஸ்ப்ரைட் பட்டைகள்தான்.

ஒரு விமானச் சண்டை கேமை எடுத்துக்கொள்வோம். 320 பிக்சல் அகலத்தை நிரப்ப 20 பட்டைகள் வேண்டும். பின்னணி நகரும்போது ஓரத்தில் இடைவெளி தெரியாமல் இருக்க இன்னொன்று. மொத்தம் 21. தூரத்து மலை, பக்கத்து நகரம் என்று இரண்டு பின்னணி வைத்தால் 42. ஒரு வரிக்கு அனுமதி 96 என்பதால், மிச்சம் 54. பெரிய வில்லன் கப்பல் 160 பிக்சல் அகலம் என்றால் 10 போகும். ஹீரோவின் விமானத்துக்கு 2. மீதி 42. அந்த வரியில் வரும் அத்தனை தோட்டாக்களும், குட்டி எதிரிகளும், வெடிச் சிதறல்களும் இந்த 42-க்குள் அடங்க வேண்டும். மீறினால் என்ன ஆகும்? மெஷின் எர்ரர் காட்டாது. அதிகப்படியானவற்றை அந்த வரியில் காட்டாமல் விட்டுவிடும். ஹீரோவைக் கொல்லப்போகும் தோட்டாவே கண்ணுக்குத் தெரியாமல் போகலாம்.

அப்போது கேம் செய்பவர் முடிவெடுத்தாக வேண்டும். இரண்டாவது பின்னணி வேண்டுமா, இல்லை அந்த 21 பட்டைகளையும் தோட்டாக்களுக்குக் கொடுப்பதா? வில்லன் பெரிதாக இருக்க வேண்டுமா, ஆபத்தாக இருக்க வேண்டுமா? இரண்டும் வேண்டும் என்றால், வில்லன் வரும் நேரத்தில் கதை விண்வெளிக்குப் போகட்டும். கறுப்பு வானத்துக்கு ஸ்ப்ரைட்டே தேவையில்லை! பார்ப்பவருக்கு அது கதையின் திருப்பம். செய்தவருக்கோ பட்ஜெட் கணக்கு.

புதிய கேம் இன்ஜின்களில் இந்தக் கேள்வி அவ்வளவு சீக்கிரம் எழாது. எதை வேண்டுமானாலும் சேர்க்கலாம். எதை விடுவது என்று தெரியாமலே பாதியில் நிற்கும் புராஜெக்ட்டுகள் ஏராளம். பழைய போர்டில் 'போதும்' என்று மெஷினே சொல்லிவிடும்.

தடையே விளையாட்டாக மாறுமா?

மாறியிருக்கிறது. அதுவும் ஆரம்பத்திலேயே. 1978-ல் டைட்டோ நிறுவனத்துக்காக டோமோஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' கேமில் 55 வேற்றுகிரக எதிரிகள். அதிலிருந்த இன்டெல் 8080 பிராசஸரால் எல்லோரையும் ஒரே நேரத்தில் நகர்த்த முடியவில்லை. ஒரு ஃப்ரேமுக்கு ஒருவரைத்தான் நகர்த்தியது. 55 பேரும் ஒரு அடி வைத்து முடிக்க ஏறக்குறைய ஒரு விநாடி ஆகும்.

ஆனால் எதிரிகள் சாகச் சாக, மிச்சம் இருப்பவர்களின் முறை சீக்கிரம் வந்துவிடும். படை குறையக் குறைய வேகம் கூடும். கடைசி ஆள் தலைதெறிக்க ஓடுவான். மெஷினின் பலவீனத்தால் தானாக நடந்தது இது. நிஷிகாடோ அதைச் சரிசெய்யாமல் அப்படியே விட்டார். கேம் போகப்போகக் கடினமாகி ஆடுபவரின் படபடப்பு ஏறும் உத்தி, அந்த விபத்திலிருந்து பிறந்தது.

எல்லாத் தடையும் இப்படி வரமாகிவிடும் என்று சொல்ல முடியாது. 1998-ல் வந்த 'மெட்டல் ஸ்லக் 2' திரையில் கூட்டம் சேர்ந்தாலே ஸ்லோ ஆகிவிடும். மறுவருடம் அதே நியோ ஜியோவில், அதே கேமைச் செதுக்கி 'மெட்டல் ஸ்லக் எக்ஸ்' என்று வெளியிட்டார்கள். அந்தத் திணறல் பெருமளவு குறைந்திருந்தது. மெஷின் மாறவில்லை, அதைக் கையாண்ட விதம்தான் மாறியது. புது ஆட்களை இழுப்பது இந்த இடம்தான்: 'இதற்குமேல் இந்த மெஷினால் முடியாது' என்று அன்று விட்டுவைத்த எல்லையை இன்று தாண்டிக் காட்ட முடியுமா?

பழைய போர்டில் புது கேம்: இது இன்றைய பழக்கமா?

இல்லை. ஆர்கேட் வரலாற்றின் இரண்டு பெரிய ஹிட்டுகள் இப்படி வந்தவைதான்.

1980-ல் நிண்டெண்டோவின் 'ரேடார் ஸ்கோப்' அமெரிக்காவில் படுத்துவிட்டது. அனுப்பிய 3,000 பெட்டிகளில் சுமார் 2,000 விற்காமல் குடோனில் கிடந்தன. அந்தப் பெட்டிகளை எப்படியாவது காசாக்க வேண்டும். அவற்றில் ஓடும்படி வேறு ஒரு கேம் செய்யும் வேலை ஷிகெரு மியாமோட்டோ என்ற இளம் டிசைனரிடம் வந்தது. அப்படிப் பிறந்ததுதான் 1981-ல் வந்த 'டாங்கி காங்'. பின்னாளில் மரியோ என்று பெயர் பெற்ற கதாபாத்திரம் முதன்முதலில் குதித்தது அதில்தான்.

இன்னொன்று 'மிஸ் பேக்-மேன்'. அமெரிக்காவின் எம்ஐடி-யில் படிப்பைப் பாதியில் விட்ட இளைஞர்கள் தொடங்கிய 'ஜெனரல் கம்ப்யூட்டர் கார்ப்பரேஷன்', ஏற்கெனவே கடைகளில் இருந்த கேம் போர்டுகளில் கூடுதல் போர்டு சேர்த்து, கேமையே மாற்றும் கிட்டுகளைச் செய்தது. அடாரியின் கேமுக்கு அப்படி ஒன்று செய்யப்போய் வழக்கு வந்தது. ஒரிஜினல் நிறுவனத்தின் அனுமதி இல்லாமல் இனி கிட் விற்க மாட்டோம் என்று சமரசம் ஆனது. அந்த நேரத்தில் அவர்கள் கையில் இருந்தது பேக்-மேன் போர்டுக்கான 'கிரேஸி ஆட்டோ' என்ற கிட். அதை எடுத்துக்கொண்டு, அமெரிக்காவில் பேக்-மேன் விற்ற மிட்வே நிறுவனத்திடமே போனார்கள். கதாபாத்திரம் மாறியது, 1982-ல் 'மிஸ் பேக்-மேன்' ஆனது. ஒரே பாதைப் புதிருக்குப் பதிலாக நான்கு, முன்கூட்டியே கணிக்க முடியாத பேய்கள். அடியில் இருந்தது அதே பேக்-மேன் போர்டு.

அன்று அதைச் செய்ய வைத்தது வியாபார நெருக்கடி. இன்று செய்பவர்களுக்கு அந்த நெருக்கடி இல்லை. விரும்பியே அந்தச் சின்ன வட்டத்துக்குள் போகிறார்கள்.

விரும்பிப் போக என்ன இருக்கிறது?

முதல் காரணம், முழு மெஷினும் ஒருவர் தலைக்குள் அடங்கும். இன்று ஐடி வேலையில் இருக்கும் பலருக்கு இது புரியும். ஒரு சின்ன ஆப் எழுதினாலும் அதற்கு அடியில் யாரோ எழுதிய நூறு லைப்ரரிகள். ஏன் வேலை செய்கிறது என்றும் தெரியாது, ஏன் நின்றுபோனது என்றும் தெரியாது. பழைய போர்டில் ஆபரேட்டிங் சிஸ்டம் அப்டேட் இல்லை, பின்னணியில் ஓடும் வேறு ஆப் இல்லை. திரையில் ஒரு புள்ளி ஏன் அங்கே இருக்கிறது என்பதை அதை எழுதியவரால் கடைசிவரை விளக்க முடியும். அந்தப் பிடிமானம் இன்றைய வேலைகளில் அரிது.

இரண்டாவது, முடிக்கக்கூடிய அளவு. ஆர்கேட் கேம் என்பது சில நிமிடங்களில் முடியும் ஆட்டம். விளக்கவுரை கிடையாது. நிற்கும் ஆளுக்கு அரை நிமிடத்துக்குள் விஷயம் புரிந்தாக வேண்டும். தோற்றால் 'இன்னொரு காயின்' என்று தோன்ற வேண்டும். நாவலுக்குப் பக்கத்தில் சிறுகதை மாதிரி.

எட் ஃப்ரைஸ் கதை இதற்கு நல்ல உதாரணம். மைக்ரோசாஃப்ட்டின் கேம் வெளியீட்டுப் பிரிவுக்குத் துணைத் தலைவராக இருந்தவர். எக்ஸ்பாக்ஸின் 'ஹேலோ' வெளியானது அவர் காலத்தில்தான். அவரே 2010-ல், 70-களின் வீட்டு கன்சோலான அடாரி 2600-க்கு 'ஹேலோ 2600' செய்தார். முழு கேமும் 4 கிலோபைட். அந்த கன்சோலின் மெமரி வெறும் 128 பைட். போனில் டைப் செய்யும் தமிழில் ஒவ்வொரு எழுத்துக் குறியீட்டுக்கும் 3 பைட் ஆகிறது. அந்தக் கணக்கில் இந்தப் பத்தியின் முதல் வாக்கியத்துக்கு அடுத்த வாக்கியம்கூட அந்த மெமரியில் முழுதாக நிற்காது. 'ஹேலோ 2600' இன்று அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

சின்ன வட்டம்தான் வேண்டும் என்றால் பழைய மெஷின் எதற்கு?

நியாயமான கேள்வி. இதற்கென்றே 'பிகோ-8' என்ற கற்பனை கன்சோல் உண்டு. நிஜத்தில் அப்படி ஒரு மெஷின் இல்லை. மென்பொருளாகவே உருவாக்கி, 128-க்கு 128 பிக்சல் திரை, 16 நிறம் என்று வேண்டுமென்றே தடை போட்டிருக்கிறார்கள். 2018-ல் உலகம் முழுக்கப் பேசப்பட்ட 'செலஸ்ட்' கேமின் முதல் வடிவம், பிகோ-8-ல் நான்கு நாளில் செய்யப்பட்டதுதான். தடை படைப்பாற்றலைத் தூண்டும் என்பதற்கு இதைவிட நேரடி சாட்சி வேண்டாம்.

ஆனாலும் நிஜ போர்டுக்கு ஒரு வித்தியாசம் உண்டு. பிகோ-8-ன் விதிகளை ஒருவர் யோசித்து, அழகாக வகுத்தார். நியோ ஜியோவின் விதிகளை வகுத்தவை சிப் விலை, தயாரிப்புக் கெடு, கடை முதலாளியின் வசூல். அதில் கோணல்கள் இருக்கும். அந்தக் கோணல்களை அன்றைய இன்ஜினீயர்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்பது, தானும் அதே சுவரில் முட்டும்போதுதான் புரிகிறது. அதோடு, ஆர்கேட் என்பது நின்றபடி, பக்கத்தில் நாலு பேர் பார்க்க ஆடும் விளையாட்டு. அந்த அனுபவம் போன் திரைக்குள் வருவதில்லை.

இதில் சிக்கலே இல்லையா?

நிறைய இருக்கு. நிஜ போர்டு வைத்திருப்பவர்கள் கொஞ்சம் பேர். எனவே கார்ட்ரிட்ஜ்கள் குறைந்த எண்ணிக்கையில்தான் தயாராகின்றன, விலையும் அதிகம். அதனால்தான் பலர் பழைய மெஷினோடு நிற்பதில்லை. 'ஜீனோ கிரைசிஸ்' கிக்ஸ்டார்ட்டரில் மக்களிடம் நிதி திரட்டி, முதலில் சேகாவின் மெகா டிரைவுக்கு வந்த கேம். 'கன்லார்ட்' பின்னர் 'கன்லார்ட் எக்ஸ்' ஆகி நிண்டெண்டோ ஸ்விட்ச்சுக்கு வந்தது.

தப்பும் நடக்கும். 'லாஸ்ட் ஹோப்' கேமில் எதிரியின் தோட்டாக்கள் பின்னணியோடு கலந்து கண்ணுக்கே தெரியவில்லை என்று ஆடியவர்கள் குறைப்பட்டார்கள். ட்ரீம்காஸ்ட் கன்சோலுக்குத் திருத்திய பதிப்பு வந்தபோது அதன் பெயரே 'பிங்க் புல்லட்ஸ்'. தோட்டாக்களின் நிறம் என்ன ஆனது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு பக்கம், மெஷின்களே அழிந்துகொண்டிருக்கின்றன. இந்த கேம்களுக்கான பழைய குழாய் டிவி திரைகள் இப்போது தயாராவதில்லை. நியோ ஜியோ போர்டில் இருக்கும் சின்ன பேட்டரி, வருடங்கள் போனால் கசிந்து போர்டின் செப்புக் கோடுகளை அரித்துவிடும். கேப்காமின் சிபிஎஸ்-2 போர்டு இன்னும் மோசம். காப்பியடிப்பதைத் தடுக்க, கேமைத் திறக்கும் ரகசியக் குறியீட்டை பேட்டரியை நம்பிய மெமரியில் வைத்திருந்தார்கள். பேட்டரி தீர்ந்தால் குறியீடு அழியும், கேம் ஓடாது. 'சூசைட் பேட்டரி' என்றே அதற்குப் பெயர். வெளியிலிருந்த ஆர்வலர்கள் அந்தப் பூட்டின் கணக்கை உடைத்த பிறகுதான், செத்துப்போன போர்டுகளுக்கு மறுபடி உயிர் கொடுக்க முடிந்தது.

புது கேம் வந்தால் என்ன மாறும்?

இங்கேதான் இது பொழுதுபோக்கைத் தாண்டிப் போகிறது. பழைய கேமை ஓட்டிப் பார்க்க, அந்த கேம் தொடும் பகுதிகள் மட்டும் சரியாக இருந்தால் போதும். புதிதாக ஒன்று எழுத, மெஷினையே தெரிந்திருக்க வேண்டும். எந்த முகவரியில் எழுதினால் ஸ்ப்ரைட் நகரும், எந்த நொடியில் எழுதினால் படம் கிழியும் என்பதையெல்லாம் ஒவ்வொருவரும் சோதித்துப் பார்த்து, பொதுவில் எழுதி வைக்கிறார்கள்.

அந்தக் குறிப்புகளை வைத்து, 1997-ல் தொடங்கிய 'மேம்' போன்ற எமுலேட்டர்கள் துல்லியமாகின்றன. பழைய சிப்களை வன்பொருள் அளவிலேயே மறுஉருவாக்கும் 'மிஸ்டர்' புராஜெக்ட்டுக்கும் அதே அறிவுதான் அடித்தளம். எமுலேட்டர் துல்லியமானால் புது கேம் எழுதுவது சுலபமாகிறது. அன்றைய இன்ஜினீயர்கள் ஓய்வுபெற்று, ஆவணங்கள் தொலைந்துகொண்டிருக்கும் நேரத்தில், ஒரு தொழில்நுட்ப அறிவு தலைமுறை மாறுவது இப்படித்தான். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த மெஷினைப் பார்க்கலாம். அதற்குப் புதிதாக எழுதத் தெரிந்த ஒருவர் இருக்கும்வரைதான் அதைப் பழுதுபார்க்கவும் ஆள் இருக்கும்.

தொடங்க நினைத்தால்?

பெட்டியோ போர்டோ வாங்க வேண்டியதில்லை. 'என்ஜிடெவ்கிட்' என்ற இலவச ஓப்பன் சோர்ஸ் தொகுப்பு இருக்கிறது. சி மொழி தெரிந்தால் லேப்டாப்பிலேயே நியோ ஜியோவுக்கு எழுதி, எமுலேட்டரில் ஓட்டிப் பார்க்கலாம். போர்டின் தொடக்க மென்பொருள் எஸ்என்கே-வின் காப்புரிமைக்கு உட்பட்டது என்பதால், அதற்கு மாற்றாகவும் ஒன்று அந்தத் தொகுப்பிலேயே வருகிறது. பிடித்துப்போனால், எஸ்டி கார்டு போடும் கார்ட்ரிட்ஜில் ஏற்றி நிஜ போர்டில் பார்க்கலாம்.

முதல் வேலையாக, 16 பிக்சல் அகலமுள்ள ஒரு கட்டத்தைத் திரையில் இடமிருந்து வலமாக நகர்த்திப் பாருங்கள். அதற்கே ஒரு வார இறுதி போய்விடலாம். ஆனால் அந்தக் கட்டம் ஏன் நகர்கிறது என்பது கடைசித் துடிப்பு வரை உங்களுக்குத் தெரிந்திருக்கும்.